மலையில் மேய்ந்தால் மலை எருமையா?

கேள்வி: ஐயா, கொரில்லா பார்க்கலாம் என்று குடும்பத்தோடு ருவாண்டா போயிருந்தோம். உருளைக்கிழங்குத் தோட்டம் முடிகிற இடத்தில் எரிமலைக் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர் ஒன்று இருந்தது. அதைத் தாண்டியதுமே பாதையில் சாணி, கொஞ்சம் தள்ளி மூங்கிலுக்குள் எருமை! "இது மலை எருமை, உங்கள் நாட்டு எருமை வேறு" என்றார் வழிகாட்டி. வீட்டுக்கு வந்து பேரனின் விலங்குப் புத்தகத்தைப் புரட்டினால் அப்படி ஒரு பெயரே இல்லை. யார் சொல்வது சரி? நம் எருமைக்கு இது சொந்தமா?
— ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: வழிகாட்டியும் பொய் சொல்லவில்லை அம்மா, புத்தகத்திலும் தப்பில்லை. நீங்கள் பார்த்தது ருவாண்டா, உகாண்டா, காங்கோ மூன்றும் சந்திக்கிற விருங்கா எரிமலைகளின் எருமை. எருமை தோட்டத்தில் இறங்கிவிடக் கூடாது என்றுதான் அந்தச் சுவரே. 1904இல் ரிச்சர்ட் லிடெக்கர் என்ற ஆங்கிலேயர் இதைத் தனித் துணையினம் (ஓர் இனத்துக்குள்ளேயே ஒரு பிரிவு) என்று சொல்லி 'மாத்யூசி' எனப் பெயர் வைத்தார். (இவர் இளமையில் இந்தியப் புவியியல் துறையில் சேர்ந்து சிவாலிக் மலையில் புதைபடிவம் தேடியவர்.) வேட்டைக்குப் போனவர்கள் அனுப்பிய ஒரு மண்டையோடும் ஒரு ஜோடிக் கொம்பும் கையில் கிடைத்தாலே புதுப் பெயர் சூட்டிய காலம் அது.

கொம்பை நம்பினால் வம்புதான். பர்ஸில் நூறு ரேண்ட் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள், நம் தென்னாப்பிரிக்கக் கேப் எருமை அதில் நிற்கிறது. வளர்ந்த காளைக்குக் கொம்பின் அடி இரண்டும் தடித்து நெற்றி நடுவில் சேர்ந்து, தலைக்கு இரும்புத் தொப்பி கவிழ்த்தது போல இருக்கும். அதே மந்தையில் இளங்காளைக்கு அந்த இடம் மயிர் மூடி மெத்தென்று இருக்கும், பசுவுக்கோ அந்தத் தொப்பியே கிடையாது. ஒரே மந்தையிலேயே இத்தனை வித்தியாசம் என்றால், நாலைந்து தலையை வைத்துக்கொண்டு இது வேறு, அது வேறு என்று எப்படிப் பிரிப்பது?

அதனால்தான் பல பட்டியல்கள் நாலு துணையினத்தோடு நிறுத்திக்கொள்கின்றன: தெற்கிலும் கிழக்கிலும் கேப் எருமை, நைல் பக்கம் ஒன்று, மேற்குப் புல்வெளியில் ஒன்று, அப்புறம் காங்கோ மழைக்காட்டின் குட்டைச் செவலை. கடைசியாகச் சொன்னது 300 கிலோ அளவில் நின்றுவிடும், கேப் காளையோ 800 கிலோவைத் தொடும். இந்தப் பட்டியல்களில் விருங்கா எருமை கேப் எருமைக்குள் அடங்கிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், 2011இல் கோலின் குரோவ்ஸ், பீட்டர் கிரப் என்ற விலங்கியலாளர்கள் இருவரும் அதே எருமையைத் துணையினம் என்றுகூட இல்லாமல் தனி இனமாகவே உயர்த்திவிட்டார்கள்! மரபணுவைப் பார்த்தவர்களோ மேற்கும் நடு ஆப்பிரிக்காவும் ஒரு கூட்டம், கிழக்கும் தெற்கும் ஒரு கூட்டம் என்று இரண்டாகத்தான் பிரிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது மலையேறிய கேப் எருமை, அவ்வளவுதான். 'விருங்கா எருமை' என்று ஊர்ப் பெயரால் கூப்பிடுவதில் தப்பில்லை.

விஞ்ஞானப் பெயரில் 'சின்செரஸ்' என்ற முதல் பாதியை மட்டும் எழுதுகிறேன். 1779இல் ஸ்வீடன்காரர் ஸ்பார்மன் வைத்த இரண்டாம் பாதி, இங்கே தென்னாப்பிரிக்காவில் வாயில் வரக் கூடாத வசவுக்கு உறவு. செடிப் பெயர்களில் இருந்த அதே சொல்லை மாற்ற 2024இல் தாவரவியலாளர்கள் ஓட்டுப் போட்டுவிட்டார்கள், எருமைக்கு இன்னும் விடியவில்லை.

சரி, சொந்தம். இந்தியாவில் வளர்க்கிற நம் எருமை 'புபாலஸ்', வேறு பேரினம் (பல இனங்கள் சேர்ந்த கூட்டம்). ஊரில் பால் கறக்கிற எருமைக்கு 50 குரோமோசோம், கேப் எருமைக்கு 52, காட்டுச் செவலைக்கு 54. தூரத்துப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்க எருமையை யாரும் தொழுவத்தில் கட்டிப் பழக்கியதும் இல்லை. ஹ்லுஹ்லுவே சரணாலயத்தில் ஒருமுறை, சேற்றில் புரண்டு காய்ந்துபோன கிழக்காளை ஒன்று, இங்கே 'டகா பாய்' என்பார்களே அது, எங்கள் பேக்கி வண்டியைப் பார்த்த பார்வையில் எமன்கூட ஏற யோசிப்பான் என்று தோன்றியது. இன்னொன்று, நீலகிரியில் 'காட்டெருமை' என்று காட்டுகிறார்களே, அது எருமையே இல்லை, மாட்டுச் சாதி. அந்தக் குழப்பத்துக்கு லிடெக்கர் காரணமில்லை, நாமேதான்.