ஒன்பது வருடம், ஒரே காம்பாக்ட் எஸ்யுவி: கேளுங்கள், சொல்கிறேன்

1,38,000 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது. 1.5 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர், 16 இஞ்ச் வீல். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் எடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டதையும் டாஷ்போர்டு அறையில் கிடக்கும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கேள்வி: அண்ணா, மீட்டரில் மைலேஜ் 17 காட்டுது. கணக்குப் போட்டுப் பார்த்தா 15.5தான் வருது. எதை நம்புறது?

கணக்கை நம்புங்கள். மீட்டர் பெட்ரோலை அளந்து பார்ப்பதில்லை. இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்துப் போடும் கணக்கு அது, பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். என் வண்டியில் ஏழு சதவீதம் வரை கூட்டிச் சொல்கிறது.

டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்க்கும்போது ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப், தானாக நிற்கும் முதல் ‘டக்’கோடு நிறுத்திவிடுங்கள். ஒரு தடவை போட்டதை வைத்து முடிவு கட்டாதீர்கள். நாசில் கொஞ்சம் முன்னே பின்னே நின்றாலே ஒரு லிட்டர் வித்தியாசம் வரும். ஐந்து தடவை போட்டதைக் கூட்டி, மொத்தக் கிலோமீட்டரை வகுங்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. புது டயர் மாற்றியதும் மைலேஜ் குறைந்துவிட்டது என்று புலம்பாதவர் இல்லை. பாதி உண்மை, பாதி மாயை. புது டயரின் பட்டன் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் உயரம். தேய்ந்து தேய்ந்து 2 மில்லிமீட்டருக்கு வரும்போது சக்கரத்தின் ஆரம் 6 மில்லிமீட்டர் குறைந்திருக்கும். என் டயர் அளவுக்கு அது கிட்டத்தட்ட 2 சதவீதம். சக்கரம் சின்னதானால் அதே தூரத்துக்கு அதிகமாகச் சுற்றும், மீட்டரும் கிலோமீட்டரைக் கூட்டி எழுதும். அதாவது தேய்ந்த டயரில் நீங்கள் பார்த்த மைலேஜிலேயே கொஞ்சம் பொய் கலந்திருந்தது. புது ரப்பர் உருள்வதற்கு அதிக சக்தி கேட்கும் என்பதும் நிஜம். இரண்டும் சேர்ந்துதான் அந்தத் திடீர் சரிவு.

கேள்வி: ஹைவேயில் 110-ல் போனால் மைலேஜ் இவ்வளவு குறையுமா? செடான் வைத்திருந்தபோது இப்படி இல்லை.

குறையும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-ஐ விட 110-ல் அது 1.9 மடங்கு. எஸ்யுவி என்பது உயரமாக நிமிர்ந்து நிற்கும் பெட்டி, செடானை விட அதிகக் காற்றைத் தள்ளியாக வேண்டும். மேலே கேரியர் கம்பி மாட்டியிருந்தால், தேவையில்லாத நாளில் கழற்றி வையுங்கள்.

கேள்வி: சார், ஐந்து வருட வண்டி. சின்னச் சின்னப் பள்ளத்தில் முன்பக்கம் ‘கடகட’ என்கிறது. நான்கு ஷாக் அப்சார்பரையும் மாற்றச் சொல்கிறார்கள்.

பொறுங்கள். இதே வார்த்தையைக் கேட்டு 70,000 கிலோமீட்டரில் முன்னால் இரண்டு ஷாக்கையும் மாற்றியவன் நான். வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை தாண்டவில்லை, அதே ‘கடகட’.

முதலில் ஒரு சோதனை. வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும்படி மெதுவாக நேராகப் போங்கள். அப்புறம் ஒரே ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்படி போங்கள். முதலாவதில் சத்தம் இல்லை, இரண்டாவதில் மட்டும் வருகிறது என்றால் என் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் மேல்தான். இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பியின் இரு முனையிலும் ஒரு சாண் நீளத்தில் நிற்கும் குச்சி அது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது கம்பி முறுக்கப்படாது, லிங்குக்கும் வேலை இல்லை. ஒன்று ஏறி ஒன்று நிற்கும்போதுதான் அது இழுபடும். அதன் முனையில் உள்ள பந்து மூட்டு தேய்ந்திருந்தால் அப்போது தட்டும்.

என் வண்டியில் மெக்கானிக் லிங்கைப் பிடித்து ஆட்டியபோது ஆட்டம் நெல்மணி அளவுகூட இல்லை. ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் மண் இருந்தது. அந்த ஆட்டத்துக்குத்தான் உள்ளே உட்கார்ந்தால் தகரம் உருள்வது போல அத்தனை சத்தம். ஷாக்கோடு ஒப்பிட்டால் சில்லறைச் செலவு.

ஷாக் போனால் அடையாளம் வேறு. மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் வண்டி ஒருமுறைக்கு மேல் துள்ளும், பிரேக் போட்டால் மூக்கு ரொம்பக் குனியும், ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்திருக்கும். லேசாகப் புழுதி ஒட்டிய ஈரக்கசிவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வழிந்து இறங்கியிருந்தால்தான் போய்விட்டது என்று அர்த்தம். நிற்கும் இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘டொக்’ என்றால் ஷாக்கின் மேல் முனையை வண்டியோடு பிணைக்கும் ஸ்ட்ரட் மவுன்ட். பிரேக் போடும்போதும் விடும்போதும் அடியில் ஒரு குத்து வந்தால் கன்ட்ரோல் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கையில் உள்ள ரப்பர். ஐந்தாறு வருட வண்டியில் சொகுசு குறைந்தது என்றால், நான் முதலில் தேடுவது ரப்பரைத்தான். இரும்பு அப்புறம்.

ஷாக்தான் என்று உறுதியானால் ஜோடியாக மாற்றுங்கள், பிறகு அலைன்மென்ட் பாருங்கள்.

கேள்வி: 16 இஞ்சிலிருந்து 18 இஞ்ச் அலாய் போடலாம் என்று ஆசை. சொகுசு போய்விடுமா?

போகும். 215/60 ஆர் 16 டயரில் 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். பக்கச்சுவர் உயரம் அதில் 60 சதவீதம், அதாவது 129 மில்லிமீட்டர். சக்கரத்தின் மொத்த உயரம் மாறாமல் 18 இஞ்ச் போட வேண்டுமானால் 215/50 போல வரும். பக்கச்சுவர் 107 மில்லிமீட்டர்தான். பள்ளத்தின் முதல் அடியை வாங்குவது ஸ்பிரிங் இல்லை, அந்த ரப்பர் சுவரும் உள்ளே இருக்கும் காற்றும்தான். அதில் இரண்டு சென்டிமீட்டரை வெட்டி எறிகிறீர்கள். பெரிய வீல் பெரும்பாலும் கனமும் கூட. பள்ளத்தில் ரிம் வளையும் வாய்ப்பும் அதிகம். பார்க்க அழகாக இருக்கும், அதை மறுக்கவில்லை.

கேள்வி: மெத்தென்று போக 28 பிஎஸ்ஐ வைத்து ஓட்டுகிறேன். கம்பெனி சொல்வது 33. தப்பா?

தப்புதான் தம்பி. மெத்தென்று இருக்கும், ஆனால் டயரின் இரு ஓரமும் சீக்கிரம் தேயும், மைலேஜ் இறங்கும், வேகத்தில் டயர் சூடேறும். சூடேறிய டயர் வெடிக்கவும் செய்யும். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள், ஆள் நிறையப் போகும்போது எவ்வளவு என்பதும் அதில் இருக்கும். காலையில் வண்டியை எடுக்கும் முன்பே அளக்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி மாறினாலே சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ மாறும். ஓடி வந்த சூட்டில் அளந்து, ‘அதிகமாயிருக்கே’ என்று இறக்கிவிடுவதுதான் எல்லோரும் செய்கிற பிழை.

டயரில் நைட்ரஜன் நிரப்பலாமா என்று கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

கேள்வி: தினமும் போக வர ஆறு கிலோமீட்டர். டீசல் வாங்கலாமா?

வேண்டாம். இப்போதைய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி உண்டு. பிடித்த கரியை எரிக்க அதற்கு 600 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். மூன்று கிலோமீட்டரில் இன்ஜினை அணைத்தால் அந்தச் சூடு எங்கிருந்து வரும்? வடிகட்டி அடைக்கும். எரிக்க முயன்று பாதியில் நின்றுபோன டீசல் இன்ஜின் ஆயிலில் போய்க் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறினால், சந்தோஷப்படாமல் உடனே ஆயிலை மாற்றுங்கள்.

கேள்வி: பின்னால் உட்காரும் அம்மாவுக்கு முதுகுவலி. முன்னால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இந்த வகை வண்டிகள் பலவற்றில் பின்பக்கம் டுவிஸ்ட் பீம், அதாவது இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இரும்புத் தண்டு. முழுச் சுமை ஏற்றினாலும் தாங்கும்படி ஸ்பிரிங் வைத்திருப்பதால், ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் விறைப்பாகத் தூக்கிப் போடும். பின் சீட் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அடி நேராக வரும். அம்மாவை முன்னால் உட்கார வையுங்கள்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் ‘லைஃப்டைம்’ என்கிறார்களே?

யாருடைய லைஃப்டைம் என்று கேளுங்கள். பத்து வருடம் வைத்திருக்க நினைத்தால் நடுவில் மாற்றுவது நல்லது. சிவிடி, அதாவது கியர் படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக் என்றால் அதற்கென்று குறிப்பிட்ட ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும்.

கேள்வி: ஒரே மாதத்தில் மைலேஜ் 15-லிருந்து 12. ஏர் ஃபில்டர் மாற்றியும் பலனில்லை.

பலன் இருக்காது. கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினில் அடைத்த ஃபில்டர் இழுவையைத்தான் குறைக்கும், மைலேஜை அவ்வளவாகத் தொடாது. மூன்றைப் பாருங்கள். பிரேக் அதிகம் போடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு வீல் பக்கமும் தொடாமல் கையைக் கொண்டு போங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. அடுத்து, வெகுதூரம் ஓடியும் வெப்பமானி நடுவுக்கு ஏறவில்லை என்றால் இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது. இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகம் ஊற்றும். மூன்றாவது, புகையில் ஆக்சிஜனை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார். அதைச் சோதிக்க ஸ்கேனர் வேண்டும்.

கேள்வி: 18 கொடுக்கும் வண்டியை மாற்றி 20 கொடுப்பதை வாங்கினால் லாபம்தானே?

வருடம் 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் 833 லிட்டர் 750 ஆகும். மிச்சம் 83 லிட்டர். அதே 2 கிலோமீட்டர், 10-லிருந்து 12-க்குப் போனால் மிச்சம் 250 லிட்டர். 18 கொடுக்கும் வண்டியை மைலேஜுக்காக விற்க வேண்டாம்.

கேள்வி: உங்கள் வண்டி இப்போது என்ன கொடுக்கிறது, உண்மையைச் சொல்லுங்கள்.

நேற்று போட்டது 38.4 லிட்டர், ஓடியது 561. 14.6 வருகிறது. இதற்கு முந்தைய ஐந்து தடவையின் சராசரி 15.2. என்னடா இது என்று காலையில் காற்றை அளந்தேன். பின் வலது டயரில் 27, வால்வு ஓரமாகக் கசிகிறது. 33-க்கு ஏற்றியிருக்கிறேன், நாளை வால்வு மாற்ற வேண்டும்.