அடைவுச் சீட்டில் ஓடுகிற வான்

கேள்வி: கல்லடியில் இருக்கிறோம். நான் ஆசிரியை, கணவர் ஓய்வுபெற்றவர். பழைய டொல்பின் வான் ஒன்றின் பின் இருக்கைகளைக் கழற்றி மெத்தை போட்டு, மூன்று வருடமாக இரண்டு பேரும் ஊர் சுற்றுகிறோம். முதல் வருடம் பொலநறுவை, சிகிரியா. அடுத்தது மன்னார், யாழ்ப்பாணம். போன மாதம் ஹோட்டன் சமவெளி. ஒவ்வொரு முறையும் என் நாலு காப்பை அடைவு வைத்துத்தான் புறப்படுவோம். முதலில் 150,000, பிறகு புதுப்பித்து 300,000, இப்போது 550,000 ரூபா. வட்டி வருடம் 15 வீதம். சம்பளமும் பென்சனும் சேர்ந்து மாதம் 130,000, வீட்டுச் செலவு 95,000. கணவரின் அக்கா மகன், வானின் மேல் 12 இலட்சம் லீசிங் எடுத்து முழுக் காம்பராக (படுக்கை, சமையல் வசதியோடு வாழும் வானாக) மாற்றி அறுகம்பேயில் வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடச் சொல்கிறார். நாலு வருடம், மாதம் 36,000 கட்டவேண்டும். டீசல் செலவைப் பார்த்தால் வானை விற்றுவிடலாமோ என்றும் யோசனை. நித்திரை இல்லை.

பதில்: டீச்சர், வானை விற்காதீர்கள். டீசலையும் விடுங்கள். பொலநறுவை போய் சிகிரியாவும் பார்த்து வர 350 கிலோமீற்றர் என்று வைப்போம், லீற்றருக்கு 10 ஓடினால் 35 லீற்றர், லீற்றர் 300 ரூபா என்று போட்டால் 10,500. படுப்பது வானுக்குள், சமைப்பதும் நீங்கள்தான், உள்நாட்டுக்காரருக்கு நுழைவுச் சீட்டும் பெரிய காசில்லை. இந்தப் பயணங்கள் யாரையும் கடனாளி ஆக்காது.

உங்களை விழுத்துவது அந்தப் புதுப்பித்தல். முதல் வருடம் 150,000 எடுத்தீர்கள், வருட முடிவில் வட்டி 22,500. அதைக் கையால் கட்டவில்லை, பவுன் விலை ஏறியதால் அதே காப்புக்கு வங்கி 300,000 தந்தது, பழைய முதலும் வட்டியும் 172,500 அதிலேயே கழிந்து கையில் 127,500 வந்தது. அடுத்த வருடம் 550,000க்குப் புதுப்பித்ததில் 345,000 கழிந்து 205,000 வந்தது. கூட்டிப் பாருங்கள்: மூன்று முறையும் சேர்த்து கையில் வாங்கியது 482,500, கடன் 550,000. இடையில் உள்ள 67,500 ரூபாவை நீங்கள் கண்ணால் காணவேயில்லை, கட்டியதாகவும் நினைவிருக்காது, அதனால்தான் வலிக்கவில்லை. இந்த வருடம் வட்டி மட்டும் 82,500, அதாவது சிகிரியாவுக்கு ஏழு முறை போய்வரும் டீசலுக்கு மேல். பவுன் விலை ஒரு வருடம் இறங்கினால் புதுப்பிக்கக் கையிலிருந்து காசு போடவேண்டும், இல்லாவிட்டால் காப்பு ஏலத்துக்குப் போகும்.

இன்னொன்று. மொத்தமாகக் காசு கையில் வந்தால் அது பயணத்துக்கு மட்டும் போகாது. குளிர்பெட்டி, பெரிய பற்றரி, கூடாரத் துணி என்று வாங்கியிருப்பீர்கள், கூட வந்த சொந்தக்காரருக்கும் நீங்களே செலவழித்திருப்பீர்கள். 10,500 ரூபா டீசல் பயணத்துக்கு 150,000 தேவைப்பட்டிருக்காது. மாதம் மிஞ்சுகிற 35,000 எங்கே போகிறது என்றும் நீங்கள் எழுதவில்லை. அதைக் கட்டாயம் எழுதிப் பாருங்கள்.

மருமகனின் யோசனைக்கு வருவோம், இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. 36,000 ரூபா 48 மாதம் என்றால் 1,728,000, அதாவது 528,000 வட்டி. தவணையே உங்கள் மிச்சக் காசை விடக் கூட. அறுகம்பேயில் அலைச்சறுக்கு ஆட்கள் வருவது பெரும்பாலும் மே முதல் ஒக்டோபர் வரைக்கும்தான், அப்புறம் மாரி மழை. நாளுக்கு 10,000 வாடகை வந்தால்கூட வருடத் தவணை 432,000க்கு மட்டும் 44 நாள் ஓடவேண்டும், திருத்த வேலை, டயர், காப்புறுதி எல்லாம் வேறு. சொந்தப் பாவனைக்கு எடுத்த காப்புறுதி வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது, விபத்து நடந்தால் உங்கள் தலையில்தான். உங்கள் ஓகஸ்ட் விடுமுறையும் அந்த ஆறு மாதத்துக்குள்தான் வருகிறது. நீங்கள் புறப்பட நினைக்கும் நாளில் வான் பொத்துவிலில் யாரிடமோ நிற்கும். இது எதற்கு?

காம்பர் வாடகை என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். லாபம் நிச்சயம் என்றால் மருமகன் தன் பெயரில் லீசிங் எடுக்கட்டும். சண்டை வேண்டாம், "எங்கட வானை நாங்கள் கடனில் விடமாட்டோம்" என்று அவருடைய மாமாவான உங்கள் கணவர் சொல்லட்டும், நீங்கள் சொல்லவேண்டாம்.

சரி, கடனுக்கு இப்படிச் செய்யுங்கள். நாலு காப்பும் ஒரே சீட்டில் இருந்தால் ஒன்றை மட்டும் மீட்பது கஷ்டம். ஒரே நாளில் கணக்கை முடித்து மூன்று காப்பைத் தனித்தனிச் சீட்டாக, மொத்தம் 350,000க்கு வையுங்கள். நாலாவதை விற்றுவிடுங்கள், கழிவு போக 200,000 வந்தால் பழைய கடனின் முதல் சரி, அன்றுவரை ஏறிய வட்டியைக் கையால் கட்டுங்கள். விற்க மனம் வராது, தெரியும், ஆனால் அதை விற்றால்தான் மற்ற மூன்றும் வீட்டுக்கு வரும். மிஞ்சும் 35,000இல் மாதம் 20,000 அடைவுக்குப் பகுதியாகக் கட்டுங்கள், பெரும்பாலும் வாங்குவார்கள், கேட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 20 மாதத்தில் மூன்று காப்பும் கையில். இன்னொரு 8,000 வானுக்கென்று தனிப் புத்தகத்தில் போடுங்கள், அதில் இருக்கிற அளவுக்குத்தான் பயணம்.

அந்த 20 மாதமும் வீட்டில் இருக்கச் சொல்லவில்லை. சோழர் கட்டிய வானவன் மாதேவி ஈஸ்வரத்தைப் பொலநறுவையில் பார்த்திருப்பீர்கள், உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் கொக்கட்டிச்சோலைத் தாந்தோன்றீஸ்வரர் இருக்கிறார், குடும்பிமலையும் உன்னிச்சைக் குளமும் காலையில் போய் மாலையில் வரலாம். தெற்கே லாகுகல, மகுல் மகா விகாரை, குமண வாசலில் உகந்தை முருகன், இரண்டு இரவுக்கு வான் புத்தகத்தில் இரண்டு மாதம் சேரும் காசு போதும். குளிர்பெட்டி பாவனையில் இல்லையென்றால் அதையும் விற்று அடைவில் கட்டுங்கள். திங்கட்கிழமை வங்கிக்குப் போகும்போது பழைய சீட்டையும் அடையாள அட்டையையும் எடுத்துப் போங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு.