கியர்பொக்ஸை மாற்றுவதா, வாகனத்தையே மாற்றுவதா?

கேள்வி: ஐயா, என்னிடம் 2008ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்று இருக்கிறது. 3.0 டேர்போ டீசல், ஃபோர் வீல், மெனுவல் கியர். வெல்லாவெளிப் பக்கம் வயல். உரம், நெல் மூட்டை எல்லாம் இதில்தான் போகும். மகள் பேராதனையில் படிப்பதால் மகியங்கனை வழியாகவும் அடிக்கடி ஓட வேண்டும். இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. போன வருடம் கிளச் செட் மாற்றியதிலிருந்து மிதி இன்னும் இறுக்கம். கொழும்பில் பிராடோ ஒன்றின் ஓட்டோ கியர்பொக்ஸ் இருக்கிறது, ரெண்டு நாளில் ஏற்றித் தருகிறேன் என்கிறார் தெரிந்த மெக்கானிக். செய்யலாமா?
– களுவாஞ்சிகுடி வாசகர்

பதில்: செய்ய முடியும். ஆனால் அந்த ‘ரெண்டு நாள்’ பேச்சை நம்பி முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். கழற்றிப் பூட்டும் நேரத்தை மட்டும்தான் அவர் கணக்குப் பார்த்திருக்கிறார்.

முதலில் கிளச்சைப் பாருங்கள். புதுச் செட் போட்ட பிறகு மிதி இறுகியது என்றால், பாரம் ஏற்றும் வாகனம்தானே என்று கடுமையான பிரஷர் பிளேட்டை (கிளச் தட்டை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் தகடு) போட்டிருக்கலாம். கிளச்சை விடுவிக்கும் ரிலீஸ் ஃபோர்க்குக்குக் கிரீஸ் வைக்காமல் பூட்டியிருந்தாலும், மிதியின் அழுத்தத்தை எண்ணெய் வழியாகக் கிளச்சுக்குக் கொண்டுபோகும் மாஸ்டர் சிலிண்டரோ ஸ்லேவ் சிலிண்டரோ பழுதானாலும் இப்படித்தான் இருக்கும். உங்கள் மொடலுக்குரிய பிளேட்டைப் போட்டு இவற்றைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று வேறொரு கராஜில் கேளுங்கள். கியர்பொக்ஸ் மாற்றும் செலவுக்குப் பக்கத்திலும் அது வராது.

அதற்கும் கால் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அப்புறம் ஓட்டோவைப் பற்றிப் பேசலாம்.

உங்கள் இன்ஜினின் இழுவை (டோர்க்) 343 நியூட்டன் மீட்டர். அதுவும் நிமிடத்துக்கு 1,400 சுற்றிலேயே கிடைத்துவிடும். ஓட்டோவில் கிளச்சின் இடத்தில் டோர்க் கன்வேட்டர் இருக்கும். அது எண்ணெய் வழியாகச் சக்தியைக் கடத்தும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இழுவையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கியும் கொடுக்கும். மூட்டையோடு சேற்றிலிருந்து ஏற இது நல்லதுதான். ஆனால் அவ்வளவு இழுவையையும் கியர்பொக்ஸுக்குள் இருக்கும் மெல்லிய கிளச் தட்டுகள் எண்ணெய் அழுத்தத்தின் பலத்தில் பிடித்து நிற்க வேண்டும். பிடி போதாவிட்டால் தட்டு வழுக்கும், சூடேறும், கருகும்.

வாகனம் செய்பவர்களே இதைக் கவனித்துத்தான் செய்கிறார்கள். மிட்சுபிசி எல்200 இன் 178 குதிரைவலு டீசல் இன்ஜினுக்கு இழுவை மெனுவலில் 400 நியூட்டன் மீட்டர், ஓட்டோவில் 350 தான். 2015இல் வந்த 2.8 ஹைலக்ஸில் கதை தலைகீழ்: மெனுவலுக்கு 420, ஓட்டோவுக்கு 450. ஒவ்வொரு வாகனத்திலும் மெனுவலுக்கும் ஓட்டோவுக்கும் இன்ஜின் ஒன்றேதான். கியர்பொக்ஸ் தாங்குகிற அளவுக்கு அதை அடக்கி வைத்திருக்கிறார்கள்.

பிராடோவின் கியர்பொக்ஸ் உங்கள் இழுவையைத் தாங்காதா என்றால், தாங்கும். அதே 3.0 இன்ஜின் ஐந்து கியர் ஓட்டோ பிராடோவில் 410 வரை கொடுக்கிறது. சிக்கல் அதற்குப் பின்னால்தான். பிராடோவில் நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும், உங்கள் ஹைலக்ஸில் தேவைப்படும்போது மட்டும். இரண்டுக்கும் டிரான்ஸ்பர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வேறு. அதனால் அங்கிருந்து சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்டின் நீளமும் கியர்பொக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் பொருந்தாமல் போகலாம். இது கொமன் ரெயில் டீசல், அதாவது எரிபொருளைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் இன்ஜின் என்பதால் கம்ப்யூட்டரும் வயரிங்கும் ஓட்டோவுக்குரியதாக வேண்டும். இல்லாவிட்டால் கியர் எப்போது விழ வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. பிளைவீலுக்குப் பதிலாக இன்ஜினையும் டோர்க் கன்வேட்டரையும் இணைக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட், பார்க் அல்லது நியூட்ரலில் மட்டும் ஸ்டார்ட் ஆக விடும் சுவிட்ச், கியர் லீவர், எண்ணெய்க் குளிர்விப்பான் உள்ள ரேடியேட்டர் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றாகத் தேடிக் கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு ஓடுகிற செலவை யாரும் முதல் நாளில் சொல்வதில்லை.

கட்டாயம் மாற்றத்தான் வேண்டும் என்றால், அதே 3.0 இன்ஜின் உள்ள ஓட்டோ ஹைலக்ஸின் ஹாஃப் கட் (உதிரிப்பாகங்களுக்காக வெட்டி விற்கும் வாகனத்தின் முன்பாதி) ஒன்றைத் தேடுங்கள். கம்ப்யூட்டர், சாவி, வயரிங், டிரான்ஸ்பர் கேஸ், ஷாஃப்ட் எல்லாம் ஒரே வாகனத்திலிருந்து வந்தால்தான் வேலை முடியும். ரேடியேட்டருக்கு வெளியே தனியாக ஒரு ஓயில் கூலரும் வையுங்கள். பாரத்தோடு ஏறும்போது எண்ணெய் 120 பாகைக்கு மேல் போனால் சீக்கிரம் கெட்டுவிடும். மகியங்கனை வீதியின் பதினெட்டு வளைவில் இறங்கும்போது டி-யில் (சாதாரணமாக ஓட்டும் நிலை) விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்க வேண்டும். மாரிகாலத்தில் வெள்ளத்துக்குள் போய் வந்தால் கியர் எண்ணெயைப் பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டியது பலூடா நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, அந்த வாகனத்தை அதற்கு மேல் ஓட்டக்கூடாது. பழைய ரேடியேட்டர் உள்ளே பிளந்தாலும் இதே நிறம்தான் வரும்.

என்னைக் கேட்டால், இந்த ஹைலக்ஸை விற்றுவிட்டு கம்பனியிலிருந்தே ஓட்டோவாக வந்த ஒன்றை வாங்குவேன். நம் பக்கத்து வயல்காரர்களுக்கு மெனுவல் ஹைலக்ஸ் மீதுதான் பிரியம், எனவே உங்களுடையது தேங்காது. கராஜில் ஓட்டோவாக மாறியதைப் பின்னர் விற்கப் போனால் வருகிறவரெல்லாம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் தொடங்கிவிட்டதால், முன்பை விடத் தெரிவும் கூடியிருக்கிறது. லீசிங் பாக்கி இருந்தால் அந்தக் கம்பனியிடமும், எதைச் செய்தாலும் காப்புறுதிக் கம்பனியிடமும் முதலில் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: பாவித்த ஓட்டோ கியர்பொக்ஸ் ஒன்று வாங்கிப் பூட்டினேன். மூன்றாம் கியரில் இன்ஜின் இரைகிறது, வாகனம் இழுக்கவில்லை. ‘செக்கிங் வாரண்டி’ ஒரு கிழமைதான், முடிந்துவிட்டது என்கிறார் விற்றவர். என்ன செய்யலாம்?
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள், குறைந்திருந்தாலும் இப்படி வழுக்கும். அளவு சரியாக இருந்து எண்ணெய் கருகிய மணம் அடித்தால், கியர்பொக்ஸின் அடித்தட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிற மெல்லிய பசை இருப்பது வழமை. உலோகத் துண்டுகள் இருந்தால் படம் எடுத்து வையுங்கள்.

பற்றுச்சீட்டு இருக்கிறதா? அதில் கியர்பொக்ஸ் இலக்கமும் வாரண்டி நாளும் எழுதியிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும். வாயால் சொன்ன வாரண்டி என்றால், வட்ஸப்பில் பேசியதையும் பணம் அனுப்பிய சான்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். முதலில் விற்றவருக்கே எழுத்தில் கேட்டுக் கடிதம் கொடுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். அதற்கிடையில் வேறு கராஜில் கியர்பொக்ஸைப் பிரித்துவிடாதீர்கள். பிரித்தவர்தான் கெடுத்தார் என்று விற்றவர் சொன்னால் மறுக்க வழி இருக்காது.