கோட்டிங் போட்ட குண்டு பெரிதாக இருக்கிறது, தோட்டா சேம்பருக்குள் இறங்கவில்லை. என்ன செய்வது?

கேட்டவர் டெக்சாஸில் இருக்கிறார். 9 மி.மீ. பிஸ்டலுக்கு வீட்டிலேயே ரீலோட் செய்கிறார், அதாவது சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கேஸில் (தோட்டாவின் உறை) புதிதாக வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா ஆக்குகிறார். 0.356 அங்குலம் என்று சொல்லி விற்ற கோட்டிங் ஈயக் குண்டை அளந்தால் 0.358 காட்டுகிறதாம், தோட்டாக்களில் பாதி சேம்பரில் (பேரல் என்கிற குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) மாட்டிக்கொண்டு நிற்கிறதாம், கடைசியாக ஒரு இறுக்கு இறுக்கி அளவுக்குக் கொண்டுவரும் கிரிம்ப் டை (டை என்றால் உள்ளே தள்ளி அளவாக்குகிற அச்சு) இருக்கிறதே, அதை வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்.

வாங்காதீர்கள். நான் வாங்கி மாட்டிக்கொண்டவன்.

நான் தங்கச்சிமடத்துக்காரன். ஹூஸ்டன் பக்கம் ஒரு லேத் பட்டறையில் 11 வருஷம் வேலை பார்த்தேன், அங்கே பழகியதுதான் இந்த ரீலோடிங். இப்போது ஊரில் இருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் விசைப்படகெல்லாம் சும்மா நிற்கின்றன, பெரியப்பா பின்வாசலில் உட்கார்ந்து வலைக்கு ஈயக்குண்டு வார்த்துக்கொண்டிருக்கிறார், அந்தப் புகைக்குத் தள்ளி உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: இது அமெரிக்காவில் சட்டப்படி செய்கிற பொழுதுபோக்கு. இங்கே 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். கைவைக்க வேண்டாம்.

சரி, நான் பண்ணிய கூத்து. குண்டை நானே வார்த்து, 0.356 டைக்குள் தள்ளி அளவாக்கி, அதற்கு அப்புறம் பவுடர் கோட்டிங் போட்டு, சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பழைய அவனில் 200 டிகிரி செல்சியஸில் 20 நிமிஷம் வைத்து எடுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கோட்டிங்குக்கும் ஒரு கனம் உண்டு இல்லையா, விட்டத்தில் இரண்டு மூன்று தௌ ஏறிவிட்டது (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பட்டறை ஆட்களுக்குத் தெரியும்). தோட்டா சேம்பருக்குள் இறங்கவில்லை. உடனே அந்த இறுக்கு டையை வாங்கி 200 தோட்டாவையும் அதற்குள் விட்டு எடுத்தேன், எல்லாம் 'டக்' என்று சேம்பரில் விழுந்தது, பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். ரேஞ்சில் போய்ச் சுட்டால் காகித இலக்கில் வட்ட ஓட்டைக்குப் பதிலாகச் சாவித்துவாரம் மாதிரி நீள ஓட்டை. குண்டு சுழன்று நேராகப் போகாமல் பக்கவாட்டில் புரண்டு போயிருக்கிறது. பேரலுக்குள் ஈயம் அப்பிக் கிடந்தது.

காரணம் இதுதான். அந்த டை பித்தளைக் கேஸை மட்டும் இறுக்குவதில்லை, உள்ளே இருக்கிற குண்டையும் சேர்த்து நசுக்குகிறது. பித்தளை கொஞ்சம் விரிந்து திரும்பிவிடும், ஈயம் திரும்பாது. அப்போது குண்டு பேரலுக்குச் சின்னதாகிவிடும், கேஸுக்குள் பிடிப்பும் தளர்ந்துவிடும். பிடிப்பு தளர்ந்த குண்டு பிஸ்டலுக்குள் ஏறும்போது உள்ளே தள்ளப்பட்டால் அழுத்தம் எகிறும், அது துப்பாக்கியையே உடைக்கக்கூடிய விஷயம். மீதி இருந்ததையெல்லாம் குண்டைப் பிடுங்குகிற, சுத்தியல் மாதிரி இருக்கிற புல்லரில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்தேன், கை வலி ஒரு வாரம் போகவில்லை.

அதனால் முதலில் எங்கே மாட்டுகிறது என்று பாருங்கள். பேரலைப் பிஸ்டலில் இருந்து கழற்றி மேசையில் வையுங்கள். மாட்டுகிற தோட்டா ஒன்றை எடுத்துக் கறுப்பு மார்க்கரால் முழுக்கப் பூசி, சேம்பருக்குள் போட்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் வியாதி. கேஸின் வாயில் அழிந்திருந்தால், குண்டு உட்கார்வதற்காக விரித்த வாயைத் திரும்ப மூடவில்லை, டேப்பர் கிரிம்ப், அதாவது வாயைச் சரிவாக உள்ளே இறுக்குவது, இன்னும் கொஞ்சம் வேண்டும். குண்டின் தோளில் அழிந்திருந்தால் தோட்டா நீளம் அதிகம், பேரலுக்குள் குண்டைச் சுழற்றுகிற வரிப்பள்ளத்தில் இடிக்கிறது. அதற்குக் குண்டை இன்னும் உள்ளே இறக்க வேண்டும். ஆனால் இறக்கினால் அழுத்தம் ஏறும், ஆகவே வெடிமருந்து அளவை ரீலோடிங் கையேட்டின் ஆரம்ப அளவில் இருந்து மறுபடி பார்த்து வர வேண்டும், பழைய அளவையே போட்டுவிடாதீர்கள். அடிப்பக்கம் அழிந்திருந்தால் முதலில் கேஸை அளவாக்கியபோது டை கீழே வரை போகவில்லை.

குண்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில், கேஸின் நடுவில் அழிந்திருந்தால்தான் உண்மையிலேயே விட்டம் பிரச்சினை. கணக்குப் போட்டுப் பாருங்கள். கேஸ் சுவர் வாய்ப்பக்கம் சுமார் 11 தௌ, இரண்டு பக்கமும் சேர்த்து 22. 0.356 குண்டு என்றால் 0.378, நிம்மதியாகப் போகும். 0.358 என்றால் 0.380, அமெரிக்க அளவுத்தரத்தில் கேஸ் வாய்க்கு அதுதான் உச்சம். சுவர் ஒரு தௌ தடித்த கேஸ் வந்தால் தாண்டிவிடும். உங்களுக்குப் பாதிதான் மாட்டுகிறது என்கிறீர்களே, அது குண்டால் மட்டும் என்று நான் நம்பவில்லை. மாட்டுகிற கேஸின் அடியில் இருக்கிற முத்திரையைப் பாருங்கள், ஒரே கம்பெனி முத்திரையாகவே வரலாம். உள்ளே படி வைத்த கேஸ் சிலது உண்டு, அதைத் தூக்கிப் போடுங்கள்.

அப்புறம் அந்த 0.358 எதில் அளந்தது? வெர்னியர் என்றால் ஒரு தௌ அப்படி இப்படிக் காட்டும். மைக்ரோமீட்டரில் பத்துக் குண்டை, ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி இரண்டு இடத்தில் அளந்துவிட்டு எழுதுங்கள். ஒரே பெட்டிக்குள்ளேயே அளவு மாறலாம். பெரியப்பாவிடம் ஒரே அச்சில் வார்க்கிற குண்டு ஏன் ஒரே அளவில் வருவதில்லை என்று கேட்டேன். "ஈயம் மாறுனா அளவும் மாறும்டா" என்றார். அதேதான். சுத்த ஈயம் ஆறும்போது நிறையச் சுருங்கும், ஆன்டிமனி கலந்த கெட்டி ஈயம் அவ்வளவு சுருங்காது.

குண்டைச் சின்னதாக்குவதற்கு முன்னால் பேரல் எவ்வளவு கேட்கிறது என்று பார்க்க வேண்டும், சேம்பருக்கு ஏற்றபடி குண்டை வெட்டினால் என் கதைதான் உங்களுக்கும். வலைக்குக் கட்டுகிற மாதிரி சுத்த ஈயக்குண்டு ஒன்று மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும். கழற்றி எண்ணெய் பூசிய பேரலுக்குள் அதை மரக்குச்சி வைத்துத் தட்டி மறுமுனையில் எடுத்து, அதன் மேடுகளை அளந்தால் பள்ளத்தின் விட்டம் கிடைக்கும். வழக்கமாக 0.355. குண்டு அதைவிட ஒன்று இரண்டு தௌ கூட இருக்க வேண்டும், அந்தக் கூடுதல்தான் பின்னால் வரும் வாயுவை அடைக்கிறது. ஆகவே 0.356 போதும் என்றால் அந்த அளவு டை ஒன்று வாங்கி, கோட்டிங் போட்ட குண்டையே அதற்குள் தள்ளிவிடுங்கள். அவனில் நன்றாக வெந்த கோட்டிங் உரியாது. பேரல் 0.356 காட்டினால் 0.357-இல் நிறுத்துங்கள், கேஸை மாற்றிப் பாருங்கள்.

ஒரு தோட்டாவைப் பிரித்து உள்ளே இருந்த குண்டையும் பாருங்கள். கோட்டிங் வழித்தெடுத்த மாதிரி இருந்தால் கேஸ் வாயை விரித்தது போதவில்லை.

என்ன பிஸ்டல் என்று நீங்கள் எழுதவில்லை. சிஇசட் 75 என்றால் அதன் தொண்டை (சேம்பருக்கும் வரிப்பள்ளத்துக்கும் நடுவில் இருக்கிற இடம்) குட்டை, அநேகமாக நீளம்தான் காரணமாக இருக்கும். மார்க்கர் எங்கே அழிந்தது என்று கீழே சொல்லுங்கள், பார்க்கிறேன்.