திராட்சைக்கு அடிக்கும் பூச்சிமருந்து ஒயினின் நொதித்தலையும் தரத்தையும் பாதிக்குமா?

பாதிக்கும். ஆனால் ஒயின் ஆலையில் கவலை தருபவை பூச்சிக்கொல்லிகளைவிடப் பூஞ்சைக்கொல்லிகளே. சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் ஈஸ்ட்டும் ஒரு பூஞ்சைதான். இலையில் படரும் பூஞ்சையைக் கொல்ல அடித்த மருந்துக்கு, தொட்டியில் இருப்பது நமக்கு வேண்டிய பூஞ்சை என்று தெரியாது. டெபுகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லிகள் பூஞ்சையின் உயிரணுச் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுப்பவை. ஈஸ்ட்டின் சவ்வுக்கும் அதே பொருள்தான் தேவை. ஃபோல்பெட் என்ற பூஞ்சைக்கொல்லியின் எச்சம் சாற்றில் மிகுந்திருந்தால் நொதித்தல் தொடங்குவதே தாமதமாகும்.

நான் நாசிக் பகுதியில் ஓர் ஆலையின் ஆய்வகத்தில் இருந்தபோது, தோலோடு நொதித்துக்கொண்டிருந்த ஒரு சிராஸ் (சிவப்பு ஒயின் திராட்சை வகை) தொட்டியில் மூன்றாம் நாள் அழுகிய முட்டை வாடை கிளம்பியது. ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் போதாவிட்டாலும் இந்த வாடை வரும் என்பதால் முதலில் டைஅம்மோனியம் பாஸ்பேட் சேர்த்தோம், வாடை குறையவில்லை. பிறகு இரண்டு கோப்பைகளில் ஒயினை எடுத்து, ஒன்றில் மட்டும் மயில்துத்த (தாமிர சல்பேட்) கரைசலை ஒரு சொட்டு விட்டுக் கலக்கினோம் (மோந்து பார்க்க மட்டும், குடிப்பதற்கு அல்ல). அந்தக் கோப்பையில் வாடை மறைந்து பழ மணம் எழுந்ததும், அது ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தகச் சேர்மத்தின் வாடைதான் என்பது உறுதியாயிற்று. தோட்டக் குறிப்பேட்டைப் புரட்டியபோது, சாம்பல் நோய்க்காக அறுவடைக்குப் பன்னிரண்டு நாள் முன்னர் கந்தகத் தூள் தூவியிருந்தது தெரிந்தது. பழத்தில் ஒட்டியிருக்கும் கந்தகத்தை நொதித்தலின்போது ஈஸ்ட் ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றிவிடும் என்பதால், குறைந்தது ஐந்து வாரங்களுக்கு முன்பே அதை நிறுத்தியிருக்க வேண்டும். தெளியவைத்த சாற்றை நொதிக்கவிடும் வெள்ளை ஒயினில் கந்தகத்தின் பெரும்பகுதி வண்டலோடு போய்விடும். தோலோடு நொதிக்கும் சிவப்பு ஒயினுக்கு அந்த வசதி இல்லை.

வாடையைப் போக்கிய அதே தாமிரம் வேறொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. 1885இல் பிரான்சில் தாவரவியலாளர் மிலார்தே அறிமுகப்படுத்திய, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை நம் உழவர்களுக்கும் பழக்கமானதே. அதன் எச்சம் சாற்றில் மிகுந்தால் ஈஸ்ட்டின் வளர்ச்சி மந்தமாகும். சோவிஞோன் பிளாங்க் ஒயினுக்குக் கொய்யாவையும் பேஷன் பழத்தையும் நினைவூட்டும் மணத்தைத் தருகிற, கந்தகம் கொண்ட தயால் சேர்மங்களைத் தாமிரம் பற்றிக்கொள்வதால் ஒயின் மணமற்றுப்போகும். சாற்றிலுள்ள தாமிரத்தில் பெரும்பங்கு ஈஸ்ட்டோடு ஒட்டி அடியில் தங்கிவிடும் என்பது ஓர் ஆறுதல். ஐரோப்பிய ஒன்றியமும் தோட்டத்தில் இடும் தாமிரத்துக்கு, ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது.

இதனால் மருந்தே அடிக்காமல் விடுவது நல்லது என்று எண்ண வேண்டாம். சாம்பல் அழுகல் என்ற பூஞ்சை நோய் கண்ட பழத்திலிருந்து வரும் லாக்கேஸ் நொதி ஒயினின் நிறத்தையே கெடுத்துவிடும். அந்தச் சிராஸ் தொட்டிக்குப் பிறகு, திராட்சை வண்டி வாசலுக்கு வந்ததும் சர்க்கரை அளவைப் பார்ப்பதற்கு முன்பே, கடைசியாக எதை, எந்தத் தேதியில் அடித்தார்கள் என்று கேட்பது என் வழக்கமாகிவிட்டது.