சான்றிதழ் இருபது, விளக்கத் தெரிந்தது எத்தனை?

உங்கள் மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு. வேலை தேடுவோர் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும் லிங்க்ட்இன் தளத்தில் அவனுக்கு இருபது சான்றிதழ், கூடப் படிக்கிறவனுக்கு முப்பது. பிள்ளை பின்தங்கிவிடுவானோ என்ற உங்கள் கவலை புரிகிறது அம்மா. அந்த எண்ணிக்கையை மட்டும் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கேம்பஸ் நேர்காணலில் எதிரே இருப்பவர் ரெஸ்யூமில் உள்ள கிட்ஹப் (எழுதிய நிரல்களை ஏற்றி வைக்கும் தளம்) இணைப்பைத் திறந்தால் என்ன தெரியும்? ‘காய்கறிக் கடை’ என்று ஒரு ப்ராஜெக்ட். கமிட் வரலாற்றில், அதாவது எப்போது என்ன மாற்றினான் என்ற பதிவில், ஒரே ஒரு வரி, ‘ஆட் ஃபைல்ஸ் வயா அப்லோட்’. எல்லாக் கோப்புகளும் ஒரே நாளில் ஏறியிருக்கின்றன. எங்கிருந்தோ எடுத்ததோ, சாட்ஜிபிடி எழுதியதோ என்ற சந்தேகம் அங்கேயே வந்துவிடும். அடுத்த கேள்வி: “ஆர்டருக்கும் அதிலுள்ள பொருட்களுக்கும் ஏன் தனித்தனி டேபிள்?” தானே செய்தவன் திக்கித் திணறியாவது சொல்லிவிடுவான்: எல்லாம் ஒரே டேபிளில் (அட்டவணையில்) இருந்து, ஒரு ஆர்டரில் பத்துப் பொருள் இருந்தால் வாடிக்கையாளர் முகவரி பத்து வரியிலும் வரும்; ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்தால் கணக்கு குழம்பும். எடுத்து ஒட்டியவனுக்கு இங்கே வாயடைத்துப் போகும். தெரியாதது பெரிய குற்றமில்லை. தெரியாததைத் தெரியும் என்று எழுதியதுதான் அவனைக் கவிழ்க்கிறது.

ஆகவே ரெஸ்யூம் ஒரே பக்கம், ப்ராஜெக்ட் இரண்டு போதும். ஒவ்வொன்றையும் வேலை நடக்க நடக்க, சிறு சிறு கமிட்டாக ஏற்றட்டும். ப்ராஜெக்ட்டை விளக்கும் ரீட்மீ கோப்பில் எது இன்னும் சரியாக ஓடவில்லை, ஏஐ உதவி எந்தப் பகுதியில் என்று இரண்டு வரி எழுதட்டும். அதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை.

சான்றிதழே வேண்டாம் என்பதல்ல. ஐஐடிகள் இணையவழியில் நடத்தும் என்பிடெல் போல, மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுதும் படிப்பாக ஒரு செமஸ்டருக்கு ஒன்று எடுக்கட்டும். அதில் அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். முன்னதில் 10, பின்னதில் 30 என்று இரண்டிலும் குறைந்தபட்சத்தைத் தனித்தனியாக எட்ட வேண்டும். அசைன்மென்ட் விடையை வாட்ஸ்அப் குழுவில் வாங்கிப் போட்டால் தேர்வில் மாட்டிக்கொள்வான்.

லிங்க்ட்இன் அறிமுகத்தை முதலில் அவனே எழுதட்டும், இலக்கணப் பிழை இருந்தாலும் சரி. பிறகு பிழை திருத்த மட்டும் ஏஐ. ‘பேஷனேட்’, ‘டைனமிக்’ என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருக்கும் சொல் எதுவானாலும் அடித்துவிடலாம். நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு, வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம் பார்த்தால் போதும். விண்ணப்பித்த நிறுவனம், தேதி, எந்த ரெஸ்யூம் அனுப்பினான் என்பதை ஒரு நோட்டில் குறித்து வைக்கட்டும். அழைப்பு வரும் நாளில் அது கைகொடுக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் உட்கார்ந்து, “அந்தக் காய்கறிக் கடையில் பட்டனை அழுத்தினால் அப்புறம் என்னென்ன நடக்கும், தமிழிலேயே சொல்லு கண்ணா” என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்ல முடியாமல் அவன் தடுமாறும் இடத்தை அவனே குறித்துக்கொள்ளட்டும். அடுத்த வாரம் படிக்க வேண்டியது அதுதான்.