ரெப்ளிகா இருந்தும் டேபிள் போயிடுச்சுன்னா

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல ஆர்டர் டேபிளை தப்பா டிராப் பண்ணிட்டீங்க (டேபிளையே அழிக்கிற கட்டளை), ரெப்ளிகால இருந்து எடுக்கலாமான்னு கேக்கறீங்க. ரெப்ளிகான்னா மெயின் சர்வர்ல நடக்கறதை அப்படியே தானும் செய்யற நகல் சர்வர். அதுலேர்ந்து அந்த டேபிளை மீட்க முடியாதுங்க, மெயின் சர்வர்ல டிராப் ஆனதும் அங்கயும் அதே டிராப் ஓடியிருக்கும். ரெப்ளிகா மெயின் சர்வர் செத்தா கைகொடுக்கத்தான், தப்பா அழிச்சதுக்கு இல்ல.

ஆனா நேத்து ராத்திரி எடுத்த டம்ப் (டேட்டாபேஸோட பேக்கப் ஃபைல்) இருக்குன்னு சொல்றீங்கல்ல, அப்போ வழி இருக்கு. பின்லாக் (டேட்டால நடக்கற ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையா எழுதி வைக்கிற பதிவு) ஆன்ல இருக்கான்னு மொதல்ல பாருங்க, மைஎஸ்க்யூஎல் 8.0ல டீஃபால்ட்டாவே ஆன், 30 நாள் வெச்சிருக்கும். வேற ஒரு சர்வர்ல டம்பை ஏத்திட்டு, டம்ப் எடுத்த பொசிஷன்லேர்ந்து (பின்லாக்ல அந்த இடத்தோட நம்பர்) டிராப்புக்கு முந்தின பொசிஷன் வரைக்கும் பின்லாக்கை ஓட்டி, அந்த ஒரு டேபிளை மட்டும் லைவுக்கு கொண்டு வாங்க. நேரத்தை வெச்சு நிறுத்தாதீங்க, ஒரே செகண்ட்ல பல டிரான்சாக்‌ஷன் இருக்கும்.

லைவ் சர்வர்ல முழு டம்பையும் ஏத்திடாதீங்க தயவுசெஞ்சு, மத்த டேபிள்ல இன்னிக்கு வந்ததும் போயிடும்.

இனிமே ஒரு ரெப்ளிகாவை மட்டும் ஒரு மணி நேரம் டிலே போட்டு, அதாவது மெயினுக்கு ஒரு மணி நேரம் பின்னாடி வர்ற மாதிரி ஓட்டுங்க, தப்பா டிராப் பண்ணாலும் அங்க ஓடறதுக்குள்ள நிறுத்திடலாம்.